கேப் லாம்ப் பேட்டரி: லெட் ஆசிடா, கோபால்ட்டா, இரும்பு பாஸ்பேட்டா?

ஜார்க்கண்டின் ஜாரியா பகுதியில் மீத்தேன் வாயு மிகுந்த நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் விளக்கு அறைக்குப் பொறுப்பான எனக்கு, தொழிலாளர்கள் தலைக்கவசத்தில் மாட்டிக்கொள்ளும் பழைய லெட் ஆசிட் விளக்குகளை (கேப் லாம்ப்) மாற்ற வேண்டி வந்தபோது மூன்று வழிகள் இருந்தன: லெட் ஆசிடிலேயே தொடர்வது, கைபேசி பேட்டரிகளில் காணப்படும் லித்தியம் கோபால்ட் ஆக்சைடுக்கு மாறுவது, லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை எடுப்பது. நாங்கள் எடுத்தது மூன்றாவதை. என் சாய்வும் அதன் பக்கமே.

விலை, எடை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இடுப்பில் 2 கிலோ அளவுக்குத் தொங்கும் லெட் ஆசிட் பெட்டியை ஷிப்ட் முழுவதும் சுமந்தவர் யாரும் அதற்காக வாதாட மாட்டார். ஆனால் தீ என்ற ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தால் லெட் ஆசிட் மோசமானதல்ல. அதன் உள்ளே இருக்கும் மின்பகுதிரவம் (மின்னோட்டத்தைக் கடத்தும் திரவம்) நீர் கலந்த கந்தக அமிலம் என்பதால் தானாகத் தீப்பற்றாது. சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜனும் சுரங்கத்துக்குள் அல்ல, மேலே தரையில் உள்ள காற்றோட்டமுள்ள அறையில்தான் வெளியேறுகிறது. அதைக் கைவிட்டதற்கு வெளிச்சமே காரணம். இந்திய நிலத்தடிச் சுரங்கங்களில் நெடுங்காலமாகக் கூரைச் சரிவே பெரும் உயிர்க்கொல்லியாக இருந்துவரும் நிலையில், ஷிப்டின் கடைசி மணி நேரத்தில் மங்கிப்போகும் விளக்கைக் கொண்டு கூரையின் விரிசலை எப்படிப் பார்ப்பது?

எஞ்சிய இரண்டில் எது என்பதைத் தீர்மானித்தது செல்லின் உட்குறுக்குச் சுற்று (செல்லுக்குள்ளேயே நேரும் ஷார்ட் சர்க்யூட்) ஒன்றுதான். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும்போது வெடிக்கும், 1.25 விழுக்காட்டைத் தாண்டினாலே அந்தப் பகுதியின் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அப்படி நிறுத்திய பிறகும், வெளியேறுகிற ஆள் ஒவ்வொருவரின் தலையிலும் கேப் லாம்ப் எரிந்துகொண்டே வருகிறது. விளக்கின் பாதுகாப்புச் சுற்று, வெளியே கம்பி நசுங்கினால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும். மிகைச் சார்ஜையும் தடுக்கும். ஆனால், சரிந்த கல்லோ டப்பின் (நிலக்கரி அள்ளும் தள்ளுவண்டியின்) விளிம்போ செல்லையே நசுக்கி, உள்ளே இரு மின்முனைகளையும் பிரிக்கும் தாள் கிழிந்துவிட்டால், அதனால் எழும் சூட்டை வெளியிலிருக்கும் எந்தச் சுற்றாலும் நிறுத்த முடியாது. கோபால்ட் ஆக்சைடு சூடேறினால் ஆக்சிஜனை வெளிவிட்டு, எரியக்கூடிய கரிமத் திரவத்துக்குத் துணைபோகிறது. இரும்பு பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரசுடன் இறுகப் பிணைந்திருப்பதால் அவ்வளவு எளிதில் விடுபடுவதில்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷைச் (NIOSH) சேர்ந்தவர்கள் மீத்தேன் கலந்த காற்றறையில் செல்களை நசுக்கிச் சோதித்தபோது, கோபால்ட் வகைச் செல்கள் வாயுவைப் பற்றவைத்தன. அதே முறையில் நசுக்கப்பட்ட இரும்பு பாஸ்பேட் செல்கள் பற்றவைக்கவில்லை. ஒரே செல்லில் அதிக ஆற்றல் என்ற கோபால்ட்டின் சிறப்பு இதற்குப் பின் என்னை ஈர்க்கவில்லை. விளக்குக்கு அவ்வளவு ஆற்றல் தேவையுமில்லை.

இதை வைத்து இரும்பு பாஸ்பேட் ஆபத்தற்றது என்று சொல்லிவிட முடியாது. மிகவும் சூடான செல் ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் நச்சான ஹைட்ரஜன் ஃபுளோரைடையும் கக்கும். தீயணைப்புப் பொடி சுவாலையை அடக்கினாலும் செல் மீண்டும் சூடேறும், நிறைய நீர் ஊற்றிக் குளிர்வித்தாக வேண்டும். ஆகவே விளக்கு திரும்பி வரும்போது, பெட்டியின் இணைப்புக் கோட்டில் கட்டைவிரலை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறோம். மூடி சற்றே தூக்கலாகத் தட்டுப்பட்டால் செல் உப்பத் தொடங்கியிருக்கலாம் என்பதால், அதைச் சார்ஜ் ரேக்கில் செருகாமல் அறைக்கு வெளியே உள்ள மணல் தொட்டிக்கு அனுப்பிவிடுகிறோம். ஆனால் என் அனுபவம் கேப் லாம்போடு நின்றுவிடுகிறது. ஆயிரக்கணக்கான செல்கள் அடுக்கிய வண்டி பேட்டரியில் ஒரு செல்லின் சூடு அடுத்ததைத் தொற்றும் என்பதால், இதே முடிவை அங்கே நீட்டிச் சொல்ல நான் துணிய மாட்டேன்.

பயன்பாட்டில் உள்ள குறை வேறு. இரும்பு பாஸ்பேட்டின் மின்னழுத்தம் கடைசிவரை 3.2 வோல்ட்டை ஒட்டியே நிற்பதால் வெளிச்சம் மங்காமல் இருந்து, திடீரென்று விழுந்துவிடுகிறது. எத்தனை முறை சார்ஜ் ஏற்றியது என்று பதிவேட்டில் எழுதி, நாள்பட்டவற்றை முன்கூட்டியே ஒதுக்குவதுதான் இதற்கு வழி.

மாற்ற நினைப்பவர்கள் சார்ஜரை மறந்துவிடக் கூடாது. கோபால்ட் செல்லுக்கு 4.2 வோல்ட் வரையிலும், இரும்பு பாஸ்பேட்டுக்கு 3.65 வோல்ட் வரையிலும்தான் ஏற்ற வேண்டும். ஒரே செருகியுள்ள இருவகை விளக்குகளும் ஒரே அறையில் இருந்தால், அவசரத்தில் மாற்றிச் செருகுவது நிச்சயம். இதற்காகவே, சோதனைக்கு வந்த கோபால்ட் விளக்குகளை அவற்றின் சார்ஜர்களோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்ட பிறகுதான் புதியவற்றை ரேக்கில் ஏற்றினோம்.