சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு கொழுப்புப் பரிசோதனை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் ஒரு தனியார் கிளினிக், 45 வயதைக் கடந்த பெண்களுக்கென நடத்தும் இரத்தப் பரிசோதனைக்கு என் அக்காவை அழைத்துச் சென்றேன். என்னைக் கவர்ந்தது மருத்துவரின் பொறுமை. மாதவிடாய் நிற்பதற்கு முன் எடுத்த அறிக்கையையும் புதியதையும் அருகருகே வைத்து, எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு லிட்டருக்கு 3.1 மில்லிமோலிலிருந்து 3.8 ஆக உயர்ந்திருந்ததைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். "சாப்பாட்டை மாற்றவே இல்லையே, டாக்டர்?" என்று அக்கா கேட்டார். ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறையும்போது கல்லீரல் எல்டிஎல்லை முன்போல் இரத்தத்திலிருந்து அகற்றுவதில்லை என்றும், கடைசி மாதவிடாயை ஒட்டிய காலத்தில் இவ்வுயர்வு வேகமாக நிகழ்கிறது என்றும், வயிற்றில் கொழுப்பு சேர்வதும் இரத்தக் குழாய்கள் விறைப்பதும் இதய நோய் அபாயத்தைக் கூட்டுகின்றன என்றும் அவர் தமிழிலேயே விளக்கினார். பெண்களுக்கு மாரடைப்பு மூச்சுத்திணறலாகவோ, குமட்டலாகவோ, தாடை வலியாகவோ வரலாம் என்று சொன்னதைத் தோட்டத்துப் பெண்கள் அனைவரும் கேட்டிருக்க வேண்டும். 'வாயு பிடிப்பு' என்று தைலம் தேய்த்துப் படுத்துக்கொள்பவர்கள் நம்மில் ஏராளம்.

குறைகளும் உண்டு. வெறும் வயிற்றோடு வந்த மூத்த பெண்களை நெடுநேரம் காக்க வைத்தனர். அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. முகப்பில் அடுக்கியிருந்த சத்து மாத்திரைகளை வாங்கச் சொல்லி ஊழியர் வற்புறுத்தியது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை; மருத்துவர் அவற்றைப் பற்றிப் பேசவே இல்லை. கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் கேட்டுப் பார்க்கலாம். எங்கு சென்றாலும் பழைய அறிக்கையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.