பாளையங்கோட்டை கோர்ட் பக்கம் ஒரு டைப்பிங் கடை: சாட்சிய நகல் வேலை எப்படி?

சாட்சியத்தின் சான்று நகலை (கோர்ட் சான்றளித்துத் தரும் பிரதி) கொடுத்தால் புதிதாக டைப் செய்து தருகிறார்கள். முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, மறு விசாரணை என்று தலைப்புகள் நடுவில் தடித்த எழுத்தில் தெளிவாக நிற்கின்றன. அ.சா.1 என்றால் அரசுத் தரப்பின் முதல் சாட்சி, அ.சா.ஆ.1 என்றால் அரசுத் தரப்பின் முதல் ஆவணம்; அந்த ஒற்றை ‘ஆ’வை எங்கேயும் விடவில்லை. பாராட்ட வேண்டிய கவனம் இது.

நிறுத்தற்குறியில்தான் கோட்டை விடுகிறார்கள். “சம்பவத்தன்று நான் ஊரில் இல்லை என்றால் சரியல்ல” என்பது எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னதைச் சாட்சி மறுப்பது. வரி மடங்கும் இடத்தில் ‘இல்லை’க்குப் பின் முற்றுப்புள்ளி விழுந்திருந்தது. மறுப்பு அப்படியே ஒப்புதலாகிவிட்டது! அப்பீலில் இது சின்ன விஷயமே இல்லை.

சாட்சியம் வழக்கமாகத் தொடர் உரைநடையில்தான் பதிவாகும்; நீதிபதி விரும்பினால் ஒரு பகுதியை மட்டும் கேள்வி பதிலாகவே பதிவார். அந்த இடத்தில் ‘கே’, ‘ப’ தனித்தனி வரியில் வர வேண்டும். இங்கே ஒரே பத்தியாக இழுத்துவிட்டார்கள்.

வேலை கொடுக்கும்போதே “மூலத்தில் உள்ள புள்ளி, பிழை எதையும் திருத்தாதீங்க” என்று சொல்லிவிடுங்கள். வாங்கியதும் ஒருவர் மூலத்தை வாசிக்க, இன்னொருவர் ஒத்துப் பாருங்கள். ‘என்றால் சரியல்ல’ வரும் வரிகளை மட்டும் இரண்டு தடவை.