ஹார்னுக்காகக் காத்திருப்பதா, டோமோடு குடியேறுவதா?

உயர்தர ஹார்ன் ஸ்பீக்கர் வரிசை ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிவிட்டால் போதும், ஹோம் தியேட்டர் அமைக்க நினைப்பவர்களின் வேலை அப்படியே நின்றுவிடும். டோம் டவர் (மேல் ஒலிக்குக் குமிழ் வடிவ டோம் வைத்த உயரமான ஸ்பீக்கர்) வாங்கலாம் என்று முடிவெடுத்தவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். ஏற்கெனவே வாங்கியவர், விற்றுவிடலாமா என்று யோசிப்பார். நானும் இப்போது அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறேன். எதற்காகக் காத்திருக்கிறேன் என்பது எனக்கே தெளிவாக வேண்டும். அதனால் போட்டியில் இருக்கும் மூன்று வகைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்: மேல் ஒலியைத் தரும் டுவீட்டருக்கு ஹார்ன் வைத்தவை, வழக்கமான டோம் டவர்கள், கீழ் ஒலியைத் தரும் வூஃபரின் நடுவிலேயே டுவீட்டரைப் பொருத்திய கோஆக்ஸியல்கள்.

தூரத்தில் போகிறவரைக் கூப்பிட இரண்டு கைகளையும் வாயருகே குவிக்கிறோமே, அதுதான் ஹார்ன். தொண்டை அதே தொண்டைதான். ஆனால் நாலா பக்கமும் சிதற வேண்டிய சத்தம் ஒரே பக்கமாகப் போகிறது. காற்றை அசைக்கும் வேலையும் சுலபமாகிறது. கூடவே குரல் கொஞ்சம் மாறி, குழாய்க்குள்ளிருந்து பேசுவது போலவும் ஆகிறது. ஹார்ன் ஸ்பீக்கரைக் கொண்டாடுகிறவர்களும் குறை சொல்கிறவர்களும் பேசுவதெல்லாம் இந்தக் கைக்குவிப்பின் இரண்டு பக்கங்களைத்தான்.

முதலில் சத்தத்தின் கணக்கு. சினிமா ரெஃபரன்ஸ் லெவலில், அதாவது திரையரங்குக்கென வகுத்த சத்த அளவில், இருக்கைக்கு வர வேண்டிய சராசரி 85 டெசிபல். திடீர் உச்சங்களுக்கு அதற்கு மேல் 20. ஆக, முன்பக்க ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் தனியாகவே 105 டெசிபல் உச்சத்தைக் காதுவரை கொண்டுவர வேண்டும். நாம் 4 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், திறந்தவெளிக் கணக்குப்படி வழியிலேயே 12 டெசிபல் போய்விடும். அதாவது ஸ்பீக்கருக்கு 1 மீட்டர் முன்னால் 117 இருக்க வேண்டும். 88 டெசிபல் சென்சிட்டிவிட்டி (1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் கேட்கும் சத்தம்) உள்ள டோம் டவர் இதை எட்ட ஏறக்குறைய 800 வாட் கேட்கும். 98 டெசிபல் ஹார்னுக்கு 80 வாட் போதும். அறைச் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருவதால் நடைமுறையில் இரண்டு எண்ணும் இறங்கும். பத்து மடங்கு வித்தியாசம் மட்டும் அப்படியே நிற்கும். வீட்டில் நம்மில் பலரும் 10 டெசிபல் குறைத்துத்தான் கேட்கிறோம். அப்போதும் டோமுக்கு 80, ஹார்னுக்கு 8. எல்லா சானலும் ஒரே நேரத்தில் இயங்கும்போது ஸ்பீக்கர்களை இயக்கும் ஒரு ரிசீவர் உண்மையில் எவ்வளவு வாட் தரும் என்று பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அருமை புரியும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று சூடு. 88 டெசிபல் ஸ்பீக்கருக்குள் போகும் 100 வாட்டில் ஒலியாக மாறுவது அரை வாட்டுக்கும் குறைவு. மீதியெல்லாம் வாய்ஸ் காயிலை, அதாவது ஸ்பீக்கரை அசைக்கும் கம்பிச்சுருளை, சூடாக்குகிறது. செம்புக் காயில் 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் அதன் மின்தடை சுமார் 40 சதவீதம் ஏறும். சத்தம் 3 டெசிபல் வரை சுருங்கும். சண்டைக்காட்சி நீள நீள ஒலி தட்டையாகிக்கொண்டே போவதற்கு இது ஒரு காரணம். அதே சத்தத்துக்கு ஹார்ன் பத்தில் ஒரு பங்கு மின்சாரத்தையே கேட்பதால் அதற்கு இந்தச் சோர்வு மிகக் குறைவு.

என் அறையிலேயே இதைக் கேட்டிருக்கிறேன். ஒருவர் பாழடைந்த கட்டடத்துக்குள் நடக்கும் காட்சி. செருப்புக்கடியில் மணல் நெரியும் சத்தம் மட்டும். அப்புறம் ஒரு இரும்புக் கதவு அறைந்து சாத்தப்படும். என் டோம் டவர்களில் அது பெரிய ‘டொம்’. இரவல் வாங்கி வந்த ஹார்ன் ஜோடியில் முதலில் உடம்பு தூக்கிவாரிப்போட்டது. அதற்குப் பிறகுதான் அது கதவு என்று புத்திக்கு எட்டியது. அடியின் விளிம்பு தனியாக, இரும்பின் அதிர்வு தனியாக, அது தேய்ந்து அடங்குவது தனியாகக் கேட்டது. வால்யூம் எண் வழக்கத்தைவிட 9 கீழே இருந்தது. மணல் நெரியும் இடத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, ஹார்ன் என்றாலே சென்சிட்டிவிட்டி கூடவா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஜேபிஎல்லின் ஹெச்டிஐ வரிசையில் சப்வூஃபர் தவிர எல்லாமே கம்ப்ரஷன் டிரைவரும் (காற்றை அழுத்திக் குறுகிய வாய் வழியே ஹார்னுக்குள் தள்ளும் டிரைவர்) ஹார்னும் கொண்டவை. ஆனால் அதில் சிறியதான ஹெச்டிஐ-1600க்கு நிறுவனம் சொல்வது 85 டெசிபல். பெரிய 3800க்கு 92. ஹார்ன் எவ்வளவு கத்த வல்லதாக இருந்தாலும் கீழே இருக்கும் வூஃபரின் அளவுக்கு அதை அடக்கித்தான் ஆக வேண்டும். கிளிப்ஷின் ஆர்பி-8000எஃப்பில் ஹார்னுக்குப் பின்னால் இருப்பது 1 அங்குல டைட்டானியம் டோம். கூடவே இரண்டு 8 அங்குல வூஃபர்கள். அதற்குச் சொல்லப்படும் எண் 98. இரண்டும் ஹார்ன் ஸ்பீக்கர்கள்தான், நோக்கம்தான் வேறு. அந்த எண்ணையும் எப்படி அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் 2.83 வோல்ட் கொடுத்து அளக்கிறார்கள்; அது 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1 வாட், 4 ஓமுக்கு 2 வாட். அறைக்குள் அளந்தாலும் எண் கூடிவரும். புது வரிசையின் விவரத்தாளில் என் கண் முதலில் தேடப்போவது வூஃபர்களின் அளவையும் எண்ணிக்கையையும்தான்.

ஆனால் எனக்கு ஹார்ன் பிடித்துப்போனதற்குச் சத்தம் முதல் காரணம் அல்ல, இருக்கைகள்தான். டோம் டுவீட்டர் 2000, 3000 ஹெர்ட்ஸில் அறை முழுக்கப் பரப்பும். மேலே போகப் போகக் குறுகிவிடும். அதே இடத்தில் கீழிருந்து வரும் வூஃபர் ஏற்கெனவே குறுகியிருக்கும். ஆகவே ஒலியின் தொனி, அதன் நிறம், நேரே உட்கார்ந்தவருக்கு ஒன்று, ஓரத்தில் இருப்பவருக்கு வேறு. நல்ல ஹார்ன் 90 டிகிரி என்றால் அந்த 90க்குள் ஏறக்குறைய ஒரே மாதிரி கொடுக்கும். இதை வைத்து ஒரு அருமையான வேலை செய்யலாம். இரண்டு ஸ்பீக்கர்களையும் நன்றாக உட்பக்கம் திருப்பி, அவற்றின் பார்வைக்கோடுகள் நமக்கு முன்னாலேயே வெட்டிக்கொள்ளும்படி வைக்க வேண்டும். இடது ஓர இருக்கையில் இருப்பவருக்கு இடது ஸ்பீக்கர் பக்கம்தான், ஆனால் அது அவரைப் பார்க்காது; தள்ளி இருக்கும் வலது ஸ்பீக்கர் நேராக அவரைப் பார்க்கும். தூரத்தில் இழந்ததைத் திசை ஈடுகட்டிவிடும். நடுவில் இருக்க வேண்டிய குரல் ஓரத்தில் இருப்பவருக்கும் ஏறக்குறைய நடுவிலேயே நிற்கும். குடும்பத்தோடு படம் பார்க்கும் அறைக்கு இதைவிடப் பெரிய உபகாரம் எனக்குத் தெரியவில்லை.

இது பழைய ஹார்ன்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. வாய்ப்பக்கம் போகப் போக வேகமாக விரியும் எக்ஸ்பொனென்ஷியல் வகைகள் மேல் அலைவரிசைகளில் டார்ச் வெளிச்சம் போலக் குறுகிவிடும். 1970களில் டான் கீல் என்ற பொறியாளர் செய்த, எல்லா அலைவரிசைகளையும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் பரப்பும் கான்ஸ்டன்ட் டைரக்டிவிட்டி ஹார்ன்கள் அந்தக் குறையைச் சரிசெய்தன. ஆனால் அந்தத் தலைமுறையின் உட்பிளவுகளிலும் கூரான விளிம்புகளிலும் ஒலி மோதித் திரும்பியது. ‘கோன்’ என்று மூக்கால் பேசும் அந்தக் குரல் பெரும்பாலும் இந்த மோதலில் பிறப்பதுதான். விளிம்பை உருட்டி, வளைவை மென்மையாக்கிய இன்றைய வடிவங்களில் அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஜேபிஎல் 2013இல் கொண்டுவந்த எம்2 ஸ்டூடியோ மானிட்டர், ஹார்ன் என்றால் கரகரப்பு என்ற எண்ணத்தை என்னைப் போன்ற பலரிடம் மாற்றியது.

நிறம் என்று வந்தால் நல்ல டோம் இன்னும் ஒரு படி மேலே என்றே சொல்வேன். மெல்லப் பேசும் பெண் குரலின் ‘ச’, ‘ஷ’, மழை இலையில் விழுவது, வயலினில் வில் முதலில் தொடும் அந்தக் கணம். இவற்றை மெல்லிய பட்டு டோம் காது கூசாமல் கொடுக்கிறது. மோசமான ஹார்னில் இதே ‘ச’ இரண்டு மணி நேரத்தில் காதை அறுத்துவிடும். இசைதான் முதலில், படம் பிறகு, இருக்கை 2.5 மீட்டரில், கேட்பவர் ஒருவர் என்றால், காத்திருக்காமல் நல்ல டோம் ஸ்பீக்கர் வாங்கிவிடுங்கள். அந்தத் தூரத்தில் வாட் கணக்கே மாறிவிடுகிறது.

இனி சென்டர், அதாவது நடு ஸ்பீக்கர். படத்தின் வசனம் பெரும்பாலும் வருவது இதிலிருந்துதான், ஆனால் எல்லா வரிசைகளிலும் கவனம் குறைவாகப் போவதும் இதற்குத்தான். டிவிக்குக் கீழே படுக்கவைத்த பெட்டி. நடுவில் டுவீட்டர், இரு பக்கமும் வூஃபர். அந்த வூஃபர்களின் நடுப்புள்ளிகள் 40 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 25 டிகிரி ஓரத்தில் இருப்பவருக்கு ஒன்று மற்றதைவிட 17 சென்டிமீட்டர் அருகில். 1000 ஹெர்ட்ஸின் அரை அலைநீளமும் அதுவே. ஆக, பேச்சு நடமாடும் இடத்திலேயே இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஓரத்தில் இருப்பவர் “என்ன சொன்னான்?” என்று கேட்பதற்குக் காது காரணமில்லை. டுவீட்டருக்கு மட்டும் ஹார்ன் வைப்பதால் இது தீராது. கிராஸ்ஓவர், அதாவது வூஃபரிடமிருந்து டுவீட்டருக்கு ஒலி கைமாறும் இடம், 1500 ஹெர்ட்ஸில் இருந்தால் 1000இல் பேசுவது அந்த இரண்டு வூஃபர்கள்தானே. ஹார்ன் 800க்குக் கீழ்வரை இறங்கி வேலை செய்ய வேண்டும்; அதற்கு அதன் வாய் 30 சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக வேண்டும்.

இந்த ஒரு இடத்தில் கோஆக்ஸியல் இரண்டையும் முந்துகிறது. கேஇஎஃப் 1988இல் கொண்டுவந்த யூனி-கியூ போன்ற அமைப்பில் நடு அலைவரிசையும் மேல் அலைவரிசையும் ஒரே புள்ளியிலிருந்து வருகின்றன. பெட்டியைப் படுக்கவைத்தாலும் நிறுத்தினாலும் குரல் கலையாது. சத்தத்தின் உச்சத்தில் பெரிய ஹார்னோடு போட்டி போட முடியாது, அவ்வளவுதான். டிவிக்குப் பதில் புரொஜெக்டர் திரை வைத்திருப்பவருக்கு இன்னொரு வழி உண்டு. ஒலி ஊடுருவும் திரை போட்டு, அதற்குப் பின்னால் இடது, நடு, வலது மூன்றுக்கும் ஒரே ஸ்பீக்கரை ஒரே உயரத்தில் நிறுத்துவது. சினிமா அரங்கில் செய்வது அதைத்தான். அப்படிச் செய்தால் ஹார்னை யாரும் நெருங்க முடியாது.

பாஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 40 ஹெர்ட்ஸின் அலைநீளம் 8.5 மீட்டர், அதற்கு முழு ஹார்ன் செய்தால் வாய் மட்டுமே ஆளைவிட உயரம். பால் கிளிப்ஷ் 1946இல் வெளியிட்ட கிளிப்ஷ்ஹார்ன், அறையின் மூலைச் சுவர்களையே ஹார்னின் நீட்சியாக்கி அதைச் சமாளித்தது. வீட்டுத் தியேட்டரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும் என்பதால் அந்தப் பாடு நமக்கு வேண்டாம். இன்னொரு சின்ன எச்சரிக்கை: ஹார்ன் ஆம்பின் (ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபயரின்) இரைச்சலையும் பெரிதாக்கும். அந்த இரவல் ஜோடியின் அருகில் போனால், படம் ஓடாதபோதும் ‘ஸ்ஸ்’ என்று மெலிதாகக் கேட்டது. இருக்கையில் கேட்கவில்லை.

ஆக, புது வரிசை வரும்போது நான் பார்க்கப்போவது பக்கவாட்டு அளவீடுகளை. ஒலியியல் ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் கனடாவில் தொடங்கிய ஆய்வுகளின் வழியில் வந்த ஸ்பினோராமா, ஸ்பீக்கரைச் சுற்றிக் கிடையாகவும் செங்குத்தாகவும் 10 டிகிரிக்கு ஒன்றாக மொத்தம் 70 அளவுகள் எடுத்து வரையும் படம். அதில் பக்கவாட்டுக் கோடுகள், ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் எடுத்த கோட்டை ஒட்டியே சீராக இறங்கினால் அந்த ஹார்ன் நல்ல ஹார்ன். சென்டர் ஸ்பீக்கருக்கும் அதே படத்தை வெளியிட்டால் அன்றே என் டவர்களுக்கு விடைகொடுத்துவிடுவேன். திரைக்குப் பின்னால் மூன்று பெட்டிகளுக்கு இடம் அளந்து வைத்தாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் 60 சென்டிமீட்டர் அகலம் கிடைக்கிறது.