யாலுங் காங்கும் லோட்சேயும்: பதினோரு மீட்டர் இடைவெளியில் இரு வேறு தகுதிகள்

இமயமலையிலுள்ள லோட்சேயின் உயரம் 8516 மீட்டர். யாலுங் காங்கின் உயரம் 8505 மீட்டர். வேறுபாடு பதினோரு மீட்டர்தான். ஆனால் லோட்சே உலகின் நான்காவது உயர்ந்த மலையாகவும், எட்டாயிரம் மீட்டரைக் கடந்த பதினான்கு மலைகளுள் ஒன்றாகவும் எண்ணப்படுகிறது. யாலுங் காங்கோ, உலகின் மூன்றாவது உயர்ந்த மலையான கஞ்சன்ஜங்காவின் மேற்குத் துணைச் சிகரமாக மட்டுமே அறியப்படுகிறது. அதைவிட இருபது மீட்டர் தாழ்ந்த மக்காலு, 8485 மீட்டர் உயரத்தோடு, ஐந்தாம் இடத்தில் இருக்கிறது. பட்டியலில் முதன்முறையாக இதைக் காண்பவருக்கு அநீதியாகவே தோன்றும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபின் இந்த வரிசை சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் அந்த வரிசை சொல்லாமல் விடுகிற செய்தி ஒன்றும் உண்டு.

ஒரு சிகரம் தனி மலையா, இன்னொரு மலையின் பகுதியா என்பதைக் கடல்மட்டத்திலிருந்து அளக்கும் உயரம் முடிவு செய்வதில்லை. அந்தச் சிகரத்திலிருந்து அதைவிட உயர்ந்த சிகரத்துக்கு முகட்டு வழியாகச் செல்ல வேண்டுமானால் குறைந்தது எவ்வளவு கீழே இறங்கியாக வேண்டும் என்பதே கேள்வி. அந்த இறக்கத்தின் அளவைப் புடைப்பு என்கிறோம். லோட்சேயிலிருந்து எவரெஸ்டுக்குச் செல்ல, சுமார் 7900 மீட்டர் உயரத்திலுள்ள சவுத் கோல் என்னும் தாழ்வுக்கு, அதாவது ஏறத்தாழ 610 மீட்டர், இறங்க வேண்டும். யாலுங் காங்கிலிருந்து கஞ்சன்ஜங்காவின் தலைமைச் சிகரத்துக்குச் செல்ல ஏறத்தாழ 135 மீட்டர் இறங்கினால் போதும். லோட்சே தன் உயரத்தில் ஏழு விழுக்காட்டுக்குச் சற்று மேல் புடைத்து நிற்கிறது. யாலுங் காங் இரண்டு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

ஆறுகளைக் கொண்டு பார்த்தாலும் முடிவு மாறவில்லை. கஞ்சன்ஜங்காவின் தலைமைச் சிகரம் நேபாளத்துக்கும் சிக்கிமுக்கும் இடையிலான எல்லையில் நிற்கிறது. அதன் கிழக்கிலுள்ள செமு, தாலுங் பனியாறுகளின் நீர் தீஸ்தா வழியாகப் பிரம்மபுத்திராவுக்குச் செல்கிறது. மேற்கிலுள்ள பனியாறுகளின் நீர் தமோர், கோசி ஆகியவற்றின் வழியாகக் கங்கையைச் சேர்கிறது. இரு பேராறுகளின் நீரைப் பிரிக்கும் உச்சி அது. முழுவதும் நேபாளத்துக்குள் அமைந்த யாலுங் காங், தெற்கே யாலுங் பனியாற்றையும் வடக்கே கஞ்சன்ஜங்கா பனியாற்றையும் பிரித்தாலும், இரண்டின் நீரும் இறுதியில் தமோரிலேயே கலந்துவிடுகிறது. லோட்சேயின் நிலை வேறு. அதன் மேற்கிலும் தெற்கிலும் உருகும் பனி நேபாளத்துக்குள்ளேயே தூத் கோசியை அடைகிறது. கிழக்கே காங்ஷுங் பனியாற்றில் விழுவது திபெத்து வழியாக அருண் ஆற்றுக்குப் போகிறது.

ஏறும் வழி என்று வரும்போதுதான் தராசு மறுபக்கம் சாய்கிறது. தனி மலை என்று பெயர் பெற்ற லோட்சேயின் வழக்கமான பாதை, அதன் மேற்குச் சரிவு வரை எவரெஸ்ட் பாதையேதான். 1956 மே 18 அன்று ஃபிரிட்ஸ் லூக்சிங்கரும் எர்ன்ஸ்ட் ரைஸும் லோட்சேயின் உச்சியை முதன்முதலாக அடைந்தனர். அதே சுவிஸ் குழுவினர் அடுத்த சில நாள்களில் எவரெஸ்டிலும் ஏறினர். துணைச் சிகரம் எனப்படும் யாலுங் காங்கையோ, கஞ்சன்ஜங்கா 1955-இல் ஏறப்பட்டதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்தே மனிதர் எட்ட முடிந்தது. 1973 மே 14 அன்று ஜப்பானியக் குழுவைச் சேர்ந்த யுதாகா அகேதாவும் தக்கேயோ மத்சுதாவும் தென்மேற்கு முகட்டின் வழியாக உச்சியைத் தொட்டனர். இறங்கும் வழியில் மத்சுதா உயிரிழந்தார். முகட்டில் 135 மீட்டர் இறக்கம் என்ற கணக்கு, பள்ளத்தாக்கிலிருந்து அந்த உச்சி வரை நிற்கும் பாறையையும் பனியையும் பற்றி எதுவும் சொல்வதில்லை. நான் மேலே குறிப்பிட்ட குறை இதுதான்.

2012-இல் நேபாளம், யாலுங் காங் உள்ளிட்ட கஞ்சன்ஜங்காவின் மூன்று துணைச் சிகரங்களையும் லோட்சேயின் இரண்டையும் தனி மலைகளாக ஏற்குமாறு பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பிடம் கோரியது. பாகிஸ்தான், பிராட் பீக் என்னும் மலையின் நடுச் சிகரத்துக்காகக் கோரியது. எவரெஸ்டில் குவியும் கூட்டத்தைப் பிற சிகரங்களுக்குத் திருப்பும் எண்ணமும் இதன் பின்னணியில் இருந்தது. அது சுற்றுலாவுக்கான காரணமே தவிர, புவியியலுக்கான காரணமன்று. புடைப்பைக் கொண்டே பார்த்தாலும் இந்த ஆறில் முந்தி நிற்பது, 8011 மீட்டர் மட்டுமே உயர்ந்த பிராட் பீக் நடுச் சிகரம்தான். அதன் புடைப்பு ஏறத்தாழ 180 மீட்டர்.

கஞ்சன்ஜங்கா என்ற பெயருக்குப் பெரும்பனியின் ஐந்து கருவூலங்கள் என்று பொருள் கூறி, அதன் ஐந்து சிகரங்களையே அது குறிப்பதாக விளக்குவது வழக்கம். அந்தப் பெயரில் யாலுங் காங் ஏற்கெனவே இடம்பெற்றிருக்கிறது. ஆகவே பதினான்கைப் பதினைந்தாக்க வேண்டியதில்லை. கஞ்சன்ஜங்காவின் வரிக்குக் கீழே யாலுங் காங், 8505 மீட்டர், முதல் ஏற்றம் 1973 என்று பட்டியல்கள் தனியாக அச்சிட்டால் போதும்.