சிரிக்க வைக்கக் கூப்பிட்டுவிட்டு பாடம் நடத்தச் சொன்னோம்

எங்கள் அலுவலக ஆண்டுக் கூட்டத்துக்கு இந்த முறை ஒரு ஸ்டாண்ட்-அப் கலைஞரை, அதாவது மேடையில் தனியாக நின்று பேசியே சிரிக்க வைப்பவரை, கூப்பிட்டிருந்தோம். பெண். மேடைப் பேச்சாளராகவும் வருகிறார். பெயரைப் போடப்போவதில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி எங்களுடையது, மீதியில் பெரும்பகுதி நடுவில் இருந்த ஏஜென்சியுடையது, பெயரைப் போட்டால் மொத்தமும் அவர் தலையில் விழும். இப்படி ஒருவரை நிகழ்ச்சிக்கு அழைக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் 35 நிமிடம் அருமை. கடைசி 10 நிமிடம் சுமார். அந்தப் 10 நிமிடத்தைக் கேட்டு வாங்கியது நாங்கள்தான்.

ஏஜென்சி அனுப்பிய படிவத்தில் "பார்வையாளர்கள் எடுத்துச் செல்ல வேண்டிய மூன்று கருத்துகள்" என்று மூன்று கட்டம் இருந்தது. கட்டம் இருந்தால் நிரப்பத்தானே தோன்றும்? விடாமுயற்சி, குழு மனப்பான்மை, தோல்வியிலிருந்து கற்றல் என்று எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு அவரே போன் செய்தார். நான் பார்த்த பேச்சாளர்களில் இவ்வளவு கேள்வி கேட்டவர் யாருமில்லை. முன்வரிசையில் யார் உட்காருவார்கள், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, சமீபத்தில் யாரையாவது வேலையை விட்டு அனுப்பியிருக்கிறீர்களா, யாராவது இறந்துபோயிருக்கிறார்களா, எதைத் தொடவே கூடாது. கடைசியாக ஒன்று கேட்டார்: "உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்ச, ஆனா யாரும் வாயைத் திறந்து சொல்லாத எரிச்சல் எது?" நான் மீட்டிங் ரூம் விஷயத்தைச் சொன்னேன். புக்கிங்கில் எப்போதும் யாரோ ஒருவர் பெயர் இருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் ஆள் இருக்க மாட்டார்.

அப்புறம் அறை. இதில் நாங்கள் சொதப்பினோம். நாற்காலிகள் நெருக்கமாக, வரிசையாக வேண்டும், மேடையைத் தவிர மற்ற இடம் கொஞ்சம் இருட்டாக இருக்க வேண்டும், காலர் மைக் வேண்டாம், ஸ்டாண்டோடு கை மைக் வேண்டும் என்று எழுத்திலேயே கேட்டிருந்தார். இதை நான் நட்சத்திர பந்தா என்று நினைத்தேன். அது முட்டாள்தனம். சிரிப்பு பக்கத்து ஆளிடமிருந்து தொற்றுவது. வட்ட மேஜை போட்டால் பாதிப் பேர் முதுகைக் காட்டி உட்காருவார்கள், இடையில் ஒரு மேஜை அகலத்துக்கு இடைவெளி, ஒரு மேஜையில் கிளம்பிய சிரிப்பு அடுத்த மேஜைக்குப் போவதற்குள் செத்துவிடும். வெளிச்சம் முழுக்க இருந்தால் ஆள் சிரிப்பதற்கு முன் மேலதிகாரியின் முகத்தைப் பார்ப்பான். கை மைக்கும் அப்படித்தான், குரலை உயர்த்தும்போது வாயை விட்டு விலக்கலாம், கிசுகிசுக்கும்போது ஒட்டி வைக்கலாம், அது அவருடைய வாத்தியம். நாங்கள் கொடுத்தது என்ன? வட்ட மேஜை, சாப்பாடு முடிந்த மத்தியானம், எல்லா விளக்கும் எரிய, காலர் மைக்.

முகம் சுளிக்கவில்லை. முன் மேஜைகளை மட்டும் இழுத்துப் போடச் சொன்னார், ஆரம்பித்தார்.

முதல் இரண்டு நிமிடம் யாரும் சிரிக்கவில்லை. சரியாகச் சொன்னால், எல்லோரும் நிர்வாக இயக்குநரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் சிரித்த பிறகு சிரித்தார்கள். அதை உடனே பிடித்துவிட்டார். "ஒவ்வொரு ஜோக்குக்கும் சார்கிட்ட அப்ரூவல் வாங்கிட்டுச் சிரிக்கிறீங்க, அந்த ஒரு செகண்ட் லேட்டை நான் பில்லுல சேர்த்துடுவேன்" என்றார். அதோடு அறை அவர் கைக்கு வந்துவிட்டது.

பிறகு தன் கதை. கணக்குப் பிரிவில் வேலை, முப்பது தாண்டி முதல் ஓபன் மைக் (புதியவர்களும் ஏறிப் பேசிப் பார்க்கிற மேடை), ஐந்து நிமிட வாய்ப்புக்காக நான்கு மணி நேரம் காத்திருந்தது. அறிவிப்பாளர்கள் தன்னை மட்டும் "அடுத்து ஒரு லேடி காமெடியன்!" என்று சொல்லி அனுப்புவதை, மருந்துப் பாட்டிலில் "நன்றாகக் குலுக்கிவிட்டுப் பயன்படுத்தவும்" என்று எழுதியிருப்பதைப் போல, பார்வையாளர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை என்றார். ஒரே நிகழ்ச்சியில் இரண்டு பெண்களைப் போட மாட்டார்களாம், "ஏற்கெனவே ஒருத்தங்க இருக்காங்களே" என்பார்களாம். இதெல்லாம் புலம்பலாகப் போயிருக்கலாம், போகவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஃபில்லிஸ் டில்லரைப் பற்றிச் சொன்னார். 1955-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கிளப்பில் முதன்முதலாக மேடையேறியபோது டில்லருக்கு வயது 37, ஐந்து பிள்ளைகளின் தாய். பல பத்தாண்டுகளாக ஜோக்குகளைச் சின்னச் சின்ன அட்டைகளில் தட்டச்சு செய்து, தலைப்புவாரியாகப் பிரித்து, ஒரு இரும்பு அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். 50,000 அட்டைகளுக்கு மேல். அந்த அலமாரி இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "நகைச்சுவை உணர்வுங்கறது பாதி ஃபைலிங் வேலை, கணக்குப் பிரிவு ஆளுங்க சந்தோஷப்படலாம்" என்றார்.

அதோடு நிறுத்தாமல் தன் அட்டை ஒன்றையும் பிரித்துக் காட்டினார். முதல் வடிவம்: "நான் குடுத்த ராஜினாமா கடிதத்தைப் படிச்சுத்தான் என் மேனேஜர் பத்து வருஷத்துல முதல்முறையா சிரிச்சார்." லேசான புன்னகை. தமிழில் வினை கடைசியில்தான் வந்து உட்காரும், அதனால் சிரிப்பு வரவேண்டிய சொல் முன்பே கசிந்துவிடும், அதை எப்படியாவது வாலுக்குத் தள்ளுவதுதான் என் மொத்த வேலை என்று சொல்லிவிட்டு இரண்டாவது வடிவம்: "பத்து வருஷத்துல என் மேனேஜர் ஒரே ஒரு தடவைதான் சிரிச்சார். நான் எழுதின ஒண்ணைப் படிச்சுட்டு. ராஜினாமா கடிதம்." கூட்டம் வெடித்தது. எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டுச் செய்து காட்டிய பிறகும் வேலை செய்தது, அதுதான் ஆச்சரியம்.

குறை சொல்லாமல் விட முடியாது. தன் உடம்பைப் பற்றி மூன்று ஜோக் அடித்தார், மூன்றும் பழசு. டில்லர் காலத்தில் கலைந்த தலையும் தொளதொள உடையுமாக வந்து தன்னையே கேலி செய்துகொண்டால்தான் ஒரு பெண்ணுக்கு மேடையில் இடம் கிடைத்தது என்பது புரிகிறது. இவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அறையில் மிகச் சத்தமாகச் சிரிப்பு வந்தது அந்த மூன்றுக்குத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது எங்கள் அறையைப் பற்றிய விமர்சனம்.

சரி, அந்தப் 10 நிமிடம். ஒரு நிகழ்ச்சியில் இருபது நிமிடம் ஒருவர்கூடச் சிரிக்காமல், இறங்கி வந்து, அதே பார்வையாளர்களோடு ஒரே லிஃப்டில் கீழே போன கதையைச் சொன்னார். கண்ணில் நீர் வரச் சிரித்தோம், உள்ளே என்னவோ பிசைந்தது. அங்கேயே விட்டிருக்கலாம். திரையில் ஸ்லைடு வந்தது: தோல்வி ஒரு படிக்கட்டு. நான் எழுதிக்கொடுத்த கட்டம்! அறை அப்படியே காற்றிறங்கிய பலூன் ஆனது. அவர் குரலே மாறிவிட்டது, வேறு யாரோ எழுதிக்கொடுத்ததைப் படிக்கிற குரல்.

ஆஸ்திரேலிய ஸ்டாண்ட்-அப் கலைஞர் ஹன்னா கேட்ஸ்பி 2018-இல் வந்த தன் நிகழ்ச்சியில், ஜோக்குக்கு ஆரம்பம், நடு என்ற இரண்டு பகுதி போதும், கதைக்கு முடிவும் வேண்டும் என்று விளக்குவார். அலுவலக மேடை நான்காவதாக ஒன்றைக் கேட்கிறது: நீதி. அது வந்ததும் முன்பு வந்த மூன்றும் வெறும் உதாரணமாகிவிடுகின்றன. பேச்சாளராக வந்தால் இப்படித்தான் ஆகும் என்று கிடையாது. ஆஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங், சக்கர நாற்காலியில் வாழ்ந்த நகைச்சுவைக் கலைஞர், 2014-இல் சிட்னியில் டெட்எக்ஸ் என்ற உரை நிகழ்ச்சி மேடையில் பேசினார். மாற்றுத்திறனாளி என்பதற்காகவே என்னை உத்வேகச் சின்னமாக்காதீர்கள் என்பதுதான் பேச்சே. அதிலும் சிரிப்பு உண்டு, ஆனால் அது ஒரு சண்டையைச் சுமந்துகொண்டு வருகிறது. எங்களுக்கு வந்தவரிடமும் அப்படிச் சண்டை இருந்தது, முதல் 35 நிமிடம் அதைத்தான் கேட்டோம். ஸ்லைடில் அது இல்லை.

கேள்வி நேரத்தில் ஒருவர், எதிர்பார்த்தபடியே, "நீங்க மேடையில இப்படிப் பேசறதுக்கு உங்க வீட்டுல என்ன சொல்றாங்க?" என்றார். எங்கள் கலைஞருக்கு முன்பு பேசிய ஆண் பேச்சாளரிடம் இதை யாரும் கேட்கவில்லை. ஒரு நொடி விட்டு, "எங்க வீடு உங்க மீட்டிங் ரூம் மாதிரிதான் சார். பேர் இருக்கும், ஆள் இருக்காது" என்றார். அன்றைய நாளின் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

அழைக்கலாமா என்றால், தாராளமாக. மைக்கும் நாற்காலியும் கேட்டபடி கொடுங்கள், சாப்பாட்டுக்கு முன்பே மேடையேற்றுங்கள். அடுத்த ஆண்டுக்கும் அவரையே கேட்டிருக்கிறோம். படிவத்தில் அந்த மூன்று கட்டத்தையும் காலியாக விட்டு அனுப்பினேன். நிரப்பித் தரச் சொல்லி ஏஜென்சியிலிருந்து இதுவரை இரண்டு மெயில் வந்துவிட்டது.