எரிமலை: நடுக்கத்தைக் கேட்பதா, வாயுவை மோப்பதா?

கல்லடிக் கடற்கரையில், உயர்தரம் படிக்கும் மருமகள் கேட்டாள்: "மாமா, எரிமலை வெடிக்கப்போறத எது முந்திச் சொல்லும், நிலநடுக்கமானியா, வாயு அளக்கிற கருவியா?"

என் வாக்கு நிலநடுக்கமானிக்கே. மாக்மா, அதாவது நிலத்தடியில் உருகிய பாறைக்குழம்பு, பாறையைப் பிளந்து ஏறும்போது எழும் சின்னச் சின்ன அதிர்வுகளை, இரவு, மழை, முகில் பாராமல் அது பதியும். ஆனால் நடுங்கிவிட்டு அப்படியே அடங்கும் மலைகளும் உண்டே! அங்கேதான் வாயு கைகொடுக்கும்.

1991இல் பிலிப்பைன்ஸின் பினதுபோ எரிமலையில், மாக்மாவிலிருந்து கசியும் கந்தகவீரொட்சைட்டு வாயு மே நடுவில் நாளுக்குச் சுமார் 500 தொன் வெளிவந்தது. இரண்டே வாரத்தில் 5,000 தாண்டியது. சரி, மாக்மா மேலே வருகிறது. அப்புறம் அளவு சடாரென்று சரிந்தது. மலை தணியவில்லை, வாயு வரும் வழி அடைபட்டது என்றே விஞ்ஞானிகள் சந்தேகித்தார்கள். புட்டுப் பானையில் ஆவி நின்றால் அம்மா அடுப்படிக்கு ஓடுவாவே, அதே பயம். யூன் 15இல் பெருவெடிப்பு. அதற்குள் பல்லாயிரம் பேர் வெளியேறியிருந்தார்கள்.