1350/= ஐ ஏற்க மறுக்கும் லைப்ரரி: பைடான்டிக்-செட்டிங்ஸ்

பைதன் மொழியில் எழுதும் புரோகிராமுக்குச் செட்டிங்ஸை வெளியே இருந்து வாசிக்க எந்த லைப்ரரியை (பிறர் எழுதி வைத்த ஆயத்தப் பொதியை) பாவிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது சொல்லும் பெயர் பைடான்டிக்-செட்டிங்ஸ். நல்ல சாமான், காசும் இல்லை, யாரும் தாராளமாகப் பாவிக்கலாம் என்கிற எம்ஐடி உரிமம். ஆனால் சத்தம் போட வேண்டிய ஓர் இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுகிறது. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

என் தொழில் ஹட்டனில் இருந்துகொண்டு தோட்ட ஒபிஸ்களுக்கும் கொழுந்து வாங்கும் ஆட்களுக்கும் புரோகிராம் செய்து கொடுப்பது. தராசில் இருந்து நிறையை எடுக்க வேண்டும், செக்ரோலில் (வேலைக்கு வந்தவர்களின் பதிவேட்டில்) பேர் போட வேண்டும், மாதம் முடிந்ததும் சம்பளச் சீட்டு அடிக்க வேண்டும். சேர்வர், கிளவுட், டொக்கர் என்ற பேச்செல்லாம் இங்கே இல்லை. டிக்கோயாவிலோ பொகவந்தலாவையிலோ ஓர் ஒபிஸ் மேசையில் பழைய விண்டோஸ் கொம்பியூட்டர் ஒன்று இருக்கும், அவ்வளவுதான். செட்டிங்ஸ் கோப்பைத் திருத்துபவர் அங்குள்ள கிளார்க். திருத்துவது நோட்பேடில். கொழும்பில் ஐந்து பேர் கொண்ட டீமுக்கு இந்த லைப்ரரி எப்படி என்று எனக்குக் கவலை இல்லை. அந்த நோட்பேடுக்கு முன்னால் இது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு மாறும். நோம் (ஒருவர் ஒரு நாளில் பறிக்க வேண்டிய அளவு) எத்தனை கிலோ, அதற்கு மேல் பறித்தால் கிலோவுக்கு என்ன, எதற்குக் கீழே போனால் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்), சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிவு, தராசு எந்த கொம் போர்ட்டில் (விண்டோஸ் அதற்குக் கொடுக்கும் இணைப்பு எண்), டேட்டாபேஸ் எங்கே, அதன் பாஸ்வேர்ட் என்ன. இவற்றில் ஒன்று பிசகினாலும் புரோகிராம் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். பிழையான கணக்கோடு ஓடும். அதுதான் ஆபத்து.

என் கைக்கு வந்த ஒரு பழைய புரோகிராம் அப்படித்தான் ஓடியது. வேறொரு கம்பனி செய்தது. பைதனோடு வரும் கொன்ஃபிக்பார்சரில், ஐஎன்ஐ என்ற சாதாரண எழுத்துக் கோப்பை வாசிக்கும்படி எழுதியிருந்தார்கள். 2024இல் நாட்சம்பளம் 1000 ரூபாவில் இருந்து 1350 ஆனபோது கிளார்க் கோப்பைத் திறந்து தொகையை மாற்றினார். மாற்றும்போது பக்கத்தில் இருந்த பெயரில் ஓர் எழுத்து கூடிவிட்டது. புரோகிராமுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. உடனே, பெயர் கிடைக்காவிட்டால் இதை எடு என்று ஃபோல்பேக்காக உள்ளே எழுதி வைத்திருந்த 1000ஐ எடுத்துக்கொண்டு பேசாமல் சீட்டு அடித்தது. சம்பளத்தன்று வரிசையில் நின்ற பெண்கள் சீட்டைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கொன்ஃபிக்பார்சருக்கு எல்லாமே வெறும் எழுத்துதான்; எண்ணா, ஆம் இல்லையா என்பதை எழுதுபவர் ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்க வேண்டும். பாஸ்வேர்டில் ஒரு வீதக் குறி (%) இருந்தால் அதற்கும் தனியாகக் கோபித்துக்கொள்ளும்.

புதிதாக எழுதும்போது பைடான்டிக்-செட்டிங்ஸுக்கு மாறினேன். வரும் மதிப்புகளைச் சரிபார்க்கும் பைடான்டிக் என்ற லைப்ரரியின் துணைப் பொதி இது. அதிலுள்ள பேஸ்செட்டிங்ஸ் என்ற வகுப்பை (கிளாஸ், அதாவது மாதிரி அச்சு) வைத்து நமக்கென ஒரு வகுப்பு எழுதி, ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஒரு பெயரும் ஒரு வகையும் கொடுக்கிறோம்: இது முழு எண், இது டெசிமல், இது கோப்பின் பாதை. என்விரொன்மென்ட் வேரியபிளில் (புரோகிராம்கள் வாசிக்க விண்டோஸ் வைத்திருக்கும் பெயரும் மதிப்பும்) இருந்தும் டொட்-என்வ் கோப்பில் (வரிக்கு ஒரு பெயரும் மதிப்பும் எழுதிய எழுத்துக் கோப்பு) இருந்தும் அது தானே வாசித்து, வகை மாற்றி, சரிபார்த்துக் கொடுக்கிறது. பொருந்தாவிட்டால் புரோகிராம் எழும்பவே எழும்பாது.

அந்தப் பழைய கோப்பில் இருந்தவற்றை அப்படியே கொடுத்துப் பார்த்தேன். ‘1350/=’ என்று இருந்தது. நம் நாட்டில் பில்லில், செக்கில், எங்கேயும் தொகையை அப்படித்தானே எழுதுகிறோம். ஏற்கவில்லை. ‘1,350.00’ என்று கமா போட்டேன், அதையும் ஏற்கவில்லை. சீட்டில் தமிழும் அடிக்கட்டுமா என்ற இடத்தில் ‘ஆம்’ என்று போட்டேன். யெஸ், ஓன், ட்ரூ, 1 எல்லாவற்றையும் ஆம் என்று எடுத்துக்கொள்ளும் இது, தமிழ் ‘ஆம்’ என்பதை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டது. நல்லதுதான், புரியாததைப் புரிந்த மாதிரி நடிக்கவில்லையே. இன்னொரு நல்ல குணம், முதல் பிழையோடு நின்றுவிடாமல் எல்லாப் பிழைகளையும் ஒரே தடவையில் வரிசையாகச் சொல்கிறது. ஒன்றைத் திருத்தி ஓட்டி, அடுத்ததைத் திருத்தி ஓட்டி என்று கிளார்க்கை அலைக்கழிக்காது.

எல்லையும் போடலாம். ஈரக் கழிவு எவ்வளவு சரி என்பது மலையில் தினமும் தராசடியில் நடக்கிற சண்டை, அதில் தலையிட நான் ஆள் இல்லை. ஆனால் கழிவுக்கு ஓர் உச்சத்தை வகுப்பிலேயே எழுதி வைத்தால், அதைத் தாண்டி யாராவது நோட்பேடில் எண்ணைக் கூட்டினால் புரோகிராம் தொடங்காது. இந்த ஒரு வரிக்காகவே இதைப் பாவிக்கலாம் என்பேன்.

பெயரில் எழுத்துப் பிழை வந்தால்? டொட்-என்வ் கோப்பில் வகுப்புக்குத் தெரியாத பெயர் இருந்தால், எதையும் மாற்றாமல் விட்டால், அது பிழை. பலர் இதைத் தொல்லை என்று முதல் வேலையாக எக்ஸ்ட்ரா என்ற தெரிவை இக்னோர் (கண்டுகொள்ளாதே) என்று மாற்றிவிடுகிறார்கள். அதே கோப்பை வேறு புரோகிராமும் வாசிக்கிறது என்றால் வேறு வழியில்லை, மற்றபடி மாற்றாதீர்கள். அந்த 1000 ரூபா சீட்டைத் தடுத்திருக்கக்கூடியது இதுதான். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: இந்தக் காவல் கோப்புக்கு மட்டுமே. என்விரொன்மென்ட் வேரியபிளில் பெயர் பிழைத்தால் அதற்குத் தெரியாது, தெரியவும் முடியாது. அங்கே விண்டோஸின் சொந்த சாமான்களும் நிறையக் கிடக்கின்றன.

அந்தச் சாமான்களால் வரும் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரே செட்டிங் பல இடங்களில் இருந்தால் யார் சொல் எடுபடும் என்பதற்கு ஒழுங்கு உண்டு. புரோகிராமுக்குள் நேரே கொடுத்தது முதல், அடுத்து என்விரொன்மென்ட் வேரியபிள், அடுத்து டொட்-என்வ் கோப்பு, பிறகு சீக்ரட்ஸ் ஃபோல்டர் (ரகசியங்களைத் தனித்தனிக் கோப்பாக வைக்கும் இடம்), கடைசியில் வகுப்பில் எழுதிய இயல்பு மதிப்பு. துரை சொன்ன பிறகு கணக்குப்பிள்ளை சொன்னது நிற்காத மாதிரி. இப்போது டேட்டாபேஸ் யூசர்நேம் என்பதற்கு வெறுமனே யூசர்நேம் என்று பெயர் வைத்துப் பாருங்கள். விண்டோஸில் அதே பெயரில் ஒரு வேரியபிள் ஏற்கனவே இருக்கிறது, கொம்பியூட்டரில் லொகின் செய்தவரின் பெயர். பெரிய எழுத்து சின்ன எழுத்து பேதமும் பார்க்காது. கோப்பில் நீங்கள் என்ன எழுதினாலும் லொகின் பெயரோடுதான் டேட்டாபேஸ் கதவைத் தட்டும். முன்னொட்டு ஒன்று கொடுக்கும் வசதி இருக்கிறது, தோட்டத்தின் பெயரையோ புரோகிராமின் பெயரையோ முதல் நாளே அதில் போட்டுவிடுங்கள்.

சரி, வாய் மூடும் இடத்துக்கு வருவோம். டொட்-என்வ் கோப்பே அங்கே இல்லை என்றால் இந்த லைப்ரரி ஒன்றும் சொல்லாது. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால் அதை புரோகிராம் இருக்கும் ஃபோல்டரில் தேடாது. எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டினீர்களோ அங்கே தேடும். கிளார்க் ஐகனைக் கிளிக் செய்யும்போது எல்லாம் சரியாக இருக்கும். அதே புரோகிராமை இரவு பேக்கப்புக்காக குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெடியூலரில் போட்டு, எங்கிருந்து தொடங்குவது என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால், அது விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் நின்றுகொண்டு தேடும். கோப்பு கிடைக்காது. எல்லாவற்றுக்கும் இயல்பு மதிப்பு இருந்தால் அதைக் கொண்டு சந்தோஷமாக ஓடும். எழுத்துப் பிழைக்கு அவ்வளவு கத்துகிற ஒன்று, கோப்பு முழுதாகக் காணாமல் போனதற்கு முனகக்கூட இல்லை. காரணம் தெரியாமல் இல்லை: சேர்வரில் ஓடுகிறவர்களுக்குக் கோப்பு தேவையில்லை, வேரியபிள் போதும். இருந்தாலும் ‘கோப்பு கட்டாயம் இருக்க வேண்டும்’ என்று சொல்ல ஒரு சுவிட்ச் வைத்திருக்கலாம்.

இதற்கு என் வழி இரண்டு. பாதையை புரோகிராம் இருக்கும் ஃபோல்டரில் இருந்து முழுதாகக் கட்டிக் கொடுப்பேன். ஒபிஸுக்கு ஒபிஸ் மாறும் எதற்கும் இயல்பு மதிப்பு வைக்க மாட்டேன். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 என்று சட்டத்தில் உள்ளவற்றுக்கு மட்டும்தான் இயல்பு மதிப்பு. கோப்பு காணாமல் போனால் மற்றவை எல்லாம் ‘கட்டாயம்’ என்று வரிசையாக எரர் தரும். அப்போது தெரிந்துவிடும்.

அந்த எரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாஸ்வேர்டுக்கு சீக்ரட்ஸ்டர் என்ற வகை இருக்கிறது, அச்சிட்டால் நட்சத்திரங்கள் மட்டும் தெரியும். அழகு. ஆனால் வேறொரு செட்டிங் காணவில்லை என்று எரர் வரும்போது, வந்து சேர்ந்த மதிப்புகளை அந்த எரர் அப்படியே காட்டலாம், அதில் பாஸ்வேர்ட் பச்சையாக இருக்கலாம். கிளார்க் என்ன செய்வார்? ஸ்கிரீனைப் படம் பிடித்து வட்ஸ்அப் குரூப்பில் போடுவார். எரரில் உள்ளீட்டை மறைக்கும் ஒரு செட்டிங் பைடான்டிக்கில் உண்டு, அதை ட்ரூ ஆக்கி வையுங்கள். பிழை எந்த இடத்தில் இருந்து வந்தது, கோப்பிலா வேரியபிளிலா என்பதை எரர் சொல்லாது என்பதும் ஒரு குறை. போனில் ஒருவருக்கு வழி சொல்லும்போது அது உறுத்தும்.

பட்டியல்கள் கிளார்க்குக்கு ஒத்துவராது. தோட்டத்து டிவிசன்களின் பெயர்களைக் கமா போட்டு எழுதினால் உடையும், ஜேசன் என்ற எழுத்து முறைப்படி அடைப்பும் மேற்கோளும் கேட்கும். பின்னர் வந்த பதிப்புகளில் நோடீகோட் என்று ஒன்று சேர்த்திருக்கிறார்கள், அதைப் போட்டு நாமே கமாவில் பிரித்துக்கொள்ளலாம். தமிழ்ப் பெயர்களில் சிக்கல் இல்லை, எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூடிஎஃப்-8 என்கோடிங்கில்தான் வாசிக்கும். பழைய நோட்பேட் யூடிஎஃப்-8 என்று சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் செருகும், அதனால் முதல் வரியின் பெயர் மட்டும் தெரியாத பெயராகிவிடும். என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் இரண்டு வகையும் சரியாகும்.

இந்தப் பைடான்டிக்கைத் தொடங்கியவர் சாமுவேல் கொல்வின். 2023 ஜூனில் இரண்டாம் பதிப்பு வந்தபோது உள்மையத்தை ரஸ்ட் மொழியில் எழுதி, செட்டிங்ஸ் பகுதியைத் தனிப் பொதியாக வெளியே எடுத்தார்கள். அதற்கு முந்திய பாடங்களைப் பார்த்து பைடான்டிக்கில் இருந்தே பேஸ்செட்டிங்ஸை இம்போர்ட் செய்தால் எரர் வரும், பயப்பட வேண்டாம். விண்டோஸ் 7 கொம்பியூட்டர்களில் பைதன் 3.8க்கு மேல் ஏறாது, அங்கே இதன் பழைய பதிப்புகளோடுதான் நிற்க வேண்டும். நெட் இழுக்காத ஒபிஸ்களுக்கு வீல் கோப்புகளை (நெட் இல்லாமல் நிறுவக்கூடிய ஆயத்தப் பொதிகளை) பென் டிரைவில் கொண்டு போகிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பை மாற்றினால் தானாகக் கவனிக்காது. தராசின் கேபிளைப் பிடுங்கி வேறு யூஎஸ்பியில் செருகினால் கொம் 3 கொம் 5 ஆகிவிடும், கோப்பைத் திருத்தி புரோகிராமை மூடித் திறக்க வேண்டும். இதே வேலைக்கு வேறு லைப்ரரிகளும் உண்டு: கோ மொழியில் வைப்பர் கோப்பைக் கண்காணிக்கும், பைதனில் டைனாகொன்ஃப் சோதனைக்கு வேறு, நிஜ வேலைக்கு வேறு என்று சூழலுக்குச் சூழல் பிரித்து வைக்கும். டைனாகொன்ஃபில் வகையும் சரிபார்ப்பும் வேறு வேறாக எழுத வேண்டும், எடிட்டரும் பெயரை எடுத்துக் கொடுப்பதில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நாட்சம்பளத்தை மட்டும் கடைசியில் செட்டிங்ஸில் இருந்து எடுத்துவிட்டேன். செட்டிங்ஸுக்கு இன்றைய எண் மட்டும்தான் தெரியும். நிலுவை கணக்குப் பார்க்கும்போது 1000 எந்தத் திகதி வரை, 1350 எந்தத் திகதியில் இருந்து என்று இரண்டும் வேண்டும். அது இப்போது டேட்டாபேஸில் திகதியோடு ஓர் அட்டவணையாக இருக்கிறது, அங்கே நுழையும் ஒவ்வொரு வரியையும் சரிபார்ப்பதும் பைடான்டிக்தான். உங்களுக்கு நான்கைந்து செட்டிங்தான், திருத்துவதும் நீங்களே என்றால் இவ்வளவும் வேண்டாம், டொம்ல் என்ற எளிய செட்டிங்ஸ் கோப்பை வாசிக்க பைதன் 3.11இல் இருந்து கூடவே வரும் டொம்லிப் போதும்.